சடைமுடிக்கு அரப்பா, ஷாம்பூவா?

சேலத்தில் சடைமுடி வளர்ப்பவரைப் பார்த்தால் பாட்டிமார் முதலில் நீட்டுவது அரப்புத்தூளைத்தான். உசிலை மர இலையை உலர்த்தி அரைத்த தூள். எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும். விரித்த கூந்தலுக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். சடைக்குள் போனால் கதை வேறு. பின்னிப் பிணைந்த முடிக்குள் தூள் புகுந்து தங்கிவிடுகிறது. நான்கு முறை அலசிய பிறகும் என் தலையணையில் பச்சைத் துகள் உதிர்ந்து கிடந்தது.

படிவு விடாத ஷாம்பூ இதில் முந்துகிறது. நீரில் கரைத்து மண்டைத்தோலில் தேய்த்தால் போதும். வழிகிற நுரையே சடையையும் கழுவிவிடும். கண்டிஷனர் கலந்தது வேண்டாம், முடி வழுக்கிச் சடை தளரும்.

எதைத் தேய்த்தாலும் உலர்த்துவதுதான் பெரும்பாடு. சேலத்து வெயிலில் மொட்டை மாடியில் நின்றால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டிலோ, மூடுபனி நாளில் மாலைவரை உள்ளே ஈரம் நிற்கும். அப்படியே படுத்தால் பூஞ்சை நாற்றம்தான். அதனால் கீழேயே குளித்து, காயவைத்த பிறகுதான் மலைக்கு பஸ் ஏறுகிறேன்.

அரப்பை விட மனமில்லாதவர்கள் தூளை ஊறவைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடித்த நீரை மட்டும் ஊற்றலாம்.