புதியவரை முதலில் எங்கே இறக்குவது: சனிக்கிழமை பென்னன்ட்டா, மாலைக் குறும்போட்டியா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பந்துகளை உருட்டி ஒரு சிறு பந்துக்கு அருகே நிறுத்தும் ஆட்டமான லான் பவுல்ஸின் எந்தக் கிளப்பை எடுத்துக்கொண்டாலும், அக்டோபர் நெருங்கும்போது அதன் தேர்வுக் குழுவினர் விவாதிக்கும் முதல் விஷயம், புதிதாகச் சேர்ந்தவர்களை எந்தப் போட்டியில் இறக்குவது என்பதாகவே இருக்கும். சனிக்கிழமைகளில் நடக்கும் பென்னன்ட் என்ற பகுதிவாரிப் போட்டியின் கடைசிப் பிரிவில் இறக்கலாம். வாரநாளில் நடக்கும் மிட்வீக் பென்னன்ட்டில் இறக்கலாம். அல்லது வார மாலைகளில் விளக்கொளியில் நடக்கும் குறும்போட்டியில் ஒரு பருவம் முழுக்கப் பழகவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெல்போர்ன் புறநகர்க் கிளப் ஒன்றின் தேர்வுக் குழுவில் இருக்கும் எனக்கும் என் சகாக்களுக்கும் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. கடைசியில் சனிக்கிழமை பென்னன்ட்டையே தேர்ந்தெடுத்தோம். அந்த முடிவின் பக்கம் நான் சாய்ந்தே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2022 ஆகஸ்டில், பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் ஃபோர்ஸ் இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என வென்று தங்கம் பெற்றபோது, நம்மவர் பலருக்கு இந்த ஆட்டம் முதன்முதலாக அறிமுகமானது. பென்னன்ட்டும் அதே ஃபோர்ஸ் வடிவம்தான். ஒரு ரிங்க்கில் (மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்கான தடம்) இரு பக்கமும் நான்கு நான்கு பேர் ஆடுவார்கள்; லீட், செகண்ட், தேர்ட், ஸ்கிப் (அணித் தலைவர்) என்ற வரிசையில் ஆளுக்கு இரண்டு பவுல் (பந்து) உருட்டுவார்கள்; ஜாக் என்ற வெள்ளை அல்லது மஞ்சள் நிறச் சிறு பந்துக்கு யாருடைய பவுல் அருகில் நிற்கிறதோ அவர்களுக்கு ஷாட், அதாவது புள்ளி. ஒரு கிளப்பின் அணியில் இப்படிப் பல ரிங்க்குகள் உண்டு; அவை எல்லாம் எடுத்த ஷாட்டுகளைக் கூட்டித்தான் அணியின் வெற்றி தீர்மானிக்கப்படும். குறும்போட்டியின் விதிகள் கிளப்புக்குக் கிளப் மாறும். பெரும்பாலானவை, 2013 இல் ஆஸ்திரேலியன் பிரீமியர் லீக் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் பவுல்ஸ் பிரீமியர் லீக் ஆன தொலைக்காட்சிப் போட்டியைப் பின்பற்றுபவை: மூவர் அணி, ஆளுக்கு இரண்டு பவுல், ஐந்து எண்டுகள் (எல்லாரும் தங்கள் பவுல்களை உருட்டி முடிக்கும் சுற்றுகள்) கொண்ட இரண்டு செட், ஷாட்டுகளை இரட்டிப்பாக்கும் பவர்பிளே, சமநிலை ஏற்பட்டால் ஒரே ஒரு எண்டில் முடிவு.

நேரம், செலவு, உடை ஆகியவற்றில் குறும்போட்டி வெல்கிறது என்பதை நீட்டி முழக்கத் தேவையில்லை. அது ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். வேலை முடிந்து வந்து ஆடிவிட்டு இரவு உணவுக்கு வீடு திரும்பலாம். பென்னன்ட்டுக்குச் சனிக்கிழமையின் பாதி போய்விடும். வெளி கிளப்பில் ஆட்டம் என்றால் பயணமும் சேர்ந்துகொள்ளும். கிளப் சீருடையும் தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணியும் முழு உறுப்பினர் கட்டணமும் வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்தாருக்கு இது மட்டுமே போதும், கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

பென்னன்ட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் வேறு. ஃபோர்ஸில் புதியவருக்குப் பவுல் உருட்டும் வாய்ப்பே குறைவு என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது உண்மைதான். 21 எண்டு ஆட்டத்தில் ஒருவர் உருட்டுவது 42 பவுல்கள். அதற்கு மூன்றரை மணி நேரம் ஆகும். குறும்போட்டியின் பத்து எண்டுகளில் 20 பவுல்தான் என்றாலும், எடுத்துக்கொள்ளும் நேரம் மூன்றில் ஒரு பங்கு. மணிக்கு எத்தனை பவுல் என்று பார்த்தால் மாலைப் போட்டியின் கை ஓங்கியிருக்கும். ஆனால் பவுல்களின் எண்ணிக்கைதான் ஒருவரை வளர்க்கும் என்றால், தினமும் காலையில் காலியான கிரீனில் (ஆடுதளத்தில்) தனியாக உருட்டிப் பழகுபவரே எல்லாரையும் வெல்ல வேண்டும். அப்படி நடப்பதில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தைத் தீர்ப்பது ஒரே விஷயம்: வேற்று கிரீன்கள். பென்னன்ட்டில் ஏறத்தாழ பாதி ஆட்டங்கள் மற்றவர் மைதானத்தில். குறும்போட்டியிலோ, எங்கள் பகுதியில் நான் பார்த்தவரை, பருவம் முழுவதும் சொந்தக் கிரீன்தான், அதுவும் பெரும்பாலும் அதே இரண்டு மூன்று ரிங்க்குகள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆட்டத்திற்கு வெளியே இருப்பவர்கள் எல்லாக் கிரீனும் ஒன்றுதானே என்று நினைக்கிறார்கள்.

கிரீனின் வேகத்தை நொடிகளில் அளப்பார்கள். 27 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஜாக்கின் அருகே சென்று நிற்க ஒரு பவுல் எத்தனை நொடி எடுத்துக்கொள்கிறது என்பதே அளவு. நொடி கூடக்கூட கிரீன் வேகமானது. முதலில் கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். உராய்வு குறைவாக இருப்பதால் மெல்ல விட்ட பவுலும் நெடுநேரம் உருண்டுகொண்டே போகிறது, அதனால்தான் நொடி கூடுகிறது. அப்படி நெடுநேரம் உருளும் பவுல் அதன் பயஸ் (ஒரு பக்கமாக வளைய வைக்கும் அமைப்பு) காரணமாக அதிகமாகவும் வளையும். ஆகவே வேகமான கிரீனில் கையின் விசையைக் குறைத்து, குறியை வெளிப்பக்கம் அகலமாக வைக்க வேண்டும். கனமான, அதாவது மெதுவான கிரீனில் விசையைக் கூட்டி, குறியை உள்ளே இழுக்க வேண்டும். விசை, கோணம் இரண்டையும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் மாற்றும் இந்த வேலையைப் புத்தகத்தில் படித்து யாரும் கற்றதாக எனக்குத் தெரியாது.

எங்கள் கிளப்பில் செயற்கைப் புல் விரிப்பு. வழக்கமாக 14 நொடிக்கு அருகில் ஓடும். மழை பெய்த மறுநாள் ஒரு கவுச் புல் கிரீனுக்கு ஆடப் போனோம். அது 11 நொடியைத் தாண்டியிருக்காது. 14 க்கும் 11 க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். கையை விட்டுக் கிளம்பும்போது பவுலுக்கு இருக்க வேண்டிய வேகம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூட வேண்டும், அதுதான் வித்தியாசம். எங்கள் புதிய லீட் ஒருவர், வீட்டு விரிப்பில் கண்ணை மூடிக்கொண்டும் ஜாக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தக்கூடியவர், ட்ரையல் எண்டில் (ஆட்டத்துக்கு முந்தைய ஒத்திகைச் சுற்றில்) விட்ட இரண்டு பவுலும் ஜாக்குக்கு ஏழெட்டு மீட்டர் முன்பே நின்றுவிட்டன. அடுத்து வேகத்தைக் கூட்டினார். பவுல் ஜாக்கின் தூரத்தை எட்டியது, ஆனால் வளையவே இல்லை, இரண்டு மீட்டர் வெளியே போய் நின்றது. எதிர்முனையில் நின்ற ஸ்கிப் எதுவும் கத்தவில்லை. இரண்டு அடி உள்ளே நகர்ந்து, தன் காலடியைக் கையால் காட்டி, அங்கே குறி வை என்று சைகை செய்தார். ஐந்தாவது ஆறாவது எண்டில் பவுல் ஹெட்டுக்குள் (ஜாக்கும் அதைச் சுற்றி நிற்கும் பவுல்களும் உள்ள இடம்) வரத் தொடங்கியது. அப்புறம் வெயில் ஏறிப் புல் காய, பன்னிரண்டாவது எண்டுக்குப் பிறகு அதே விசை ஜாக்கைத் தாண்டி ஒரு மீட்டர் போகத் தொடங்கியது. மறுபடியும் குறியை வெளியே நகர்த்த வேண்டியிருந்தது. ஒரே மதியத்தில் இரண்டு முறை தன் கையைத் தானே திருத்திக்கொண்ட அந்த அனுபவத்தை, ஒரே விரிப்பில் ஒரு மணி நேரம் நடக்கும் மாலை ஆட்டம் எத்தனை வாரம் நடந்தாலும் தர முடியாது என்பதே என் கட்சி.

இதில் லீட் என்ற இடத்துக்கும் பங்குண்டு. மேட்டை (நின்று உருட்டும் சிறு விரிப்பு) எங்கே விரிப்பது, ஜாக்கை எவ்வளவு தூரம் உருட்டுவது என்பதை ஸ்கிப் சொல்வார், செய்பவர் லீட். மேட்டிலிருந்து குறைந்தது 23 மீட்டர் போனால்தான் ஜாக் செல்லும். எதிரணி நீண்ட தூரத்தில் நன்றாக ஆடுகிறது என்றால், மேட்டை முன்னே கொண்டுவந்து அந்தக் குறைந்தபட்ச தூரத்துக்குச் சற்றே மேல் ஜாக்கை நிறுத்தச் சொல்வார்கள். இதைச் சரியாகச் செய்யும் லீட் ஒரு பவுல்கூட உருட்டும் முன்பே அணிக்குப் பாதி வேலையை முடித்துவிடுகிறார். மேலும் லீட் ஆடும்போது ஹெட் ஏறக்குறைய காலியாக இருக்கும். இருக்கும் பவுலைத் தட்டு, ஜாக்கை நகர்த்து, தடையை உடை என்ற சிக்கல் எதுவும் கிடையாது. டிரா, அதாவது பவுலை ஜாக்கின் அருகே மெல்லக் கொண்டுபோய் நிறுத்துவது ஒன்றே வேலை. தன் இரண்டு பவுலை விட்டபிறகு அந்த எண்டில் மற்றவர்கள் விடும் பன்னிரண்டு பவுல்களையும் அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். காத்திருக்கும் நேரம் வீண் என்று மாலைப் போட்டிக்காரர்கள் சொல்வது இதைத்தான். நான் அதை வகுப்பறை நேரமாகக் கருதுகிறேன். ஆனால் பக்கத்தில் நின்று, அந்தப் பவுல் ஏன் குறுகலாகப் போனது, தேர்ட் ஏன் பேக்ஹேண்ட் பக்கம் மாறினார் என்று பேசுவதற்கு ஒரு செகண்ட் வேண்டும். வாய் திறக்காத செகண்ட்டோடு சேர்த்துவிட்டால் மூன்றரை மணி நேரம் வெறும் நிற்றல்தான்.

அதனால் பென்னன்ட் நல்லது என்று நான் சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடைசிப் பிரிவு அணிக்கும் பொறுமையுள்ள ஸ்கிப் ஒருவரை ஒதுக்க வேண்டும். பருவம் முழுவதும் அவரையும் அந்த லீட்டையும் பிரிக்கக் கூடாது. நடைமுறையில் மேல் பிரிவு அணியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் கைவைப்பது கடைசிப் பிரிவில்தான். ஸ்கிப் மேலே போய்விடுவார், புதியவர் வாரத்துக்கொரு முகத்தைப் பார்ப்பார். இதைத் தடுக்க முடியாத கிளப்புகள் மாலைப் போட்டியையே வைத்துக்கொள்வது மேல். தோல்விகளும் நிறைய வரும். நான்கு ரிங்க் அணியில் எல்லா லீட்டும் புதியவர்களாக இருந்தால், எதிரணி ஒவ்வொரு எண்டையும் முன்னிலையோடுதான் தொடங்கும். ஒரு ரிங்க்குக்கு ஒரு புதியவர், அதுவும் அணியில் பாதி ரிங்க்குகளில் மட்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வரம்பு. கீழே இறங்குவதற்குப் பிரிவே இல்லாத இடத்தில் ஆடுவதால் தோல்வியின் விலை குறைவு என்பதும் ஒரு வசதி.

மாலைப் போட்டிக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு நண்பர்களோடு ஒருமுறை ஆட வந்தவரை, மறுபடியும் வரவைப்பது அதுதான். பென்னன்ட் அதைச் செய்யாது. பவர்பிளே இருப்பதால் ஒரே எண்டில் ஆட்டம் புரளலாம், அந்தப் பதற்றத்தில் கை நடுங்காமல் விடப் பழகுவதும் பயிற்சிதான். மூவர் அணியாதலால் புதியவருக்கும் நடுவில் ஆடும் வாய்ப்பு சீக்கிரம் கிடைக்கிறது. எங்கள் கிளப்பில் இந்த வழியாக வந்தவர்கள் ஓங்கி அடித்து ஹெட்டைக் கலைப்பதில் கெட்டிக்காரர்கள். மெல்ல ஊர்ந்து வரும் டிராவில் பொறுமை இல்லாதவர்கள். இது ஒரு கிளப்பில் கண்டது, எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று உறுதி கூற மாட்டேன்.

மிட்வீக் பென்னன்ட்டைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல இயலாது. வேலைக்குப் போகிறவன் ஆதலால் விடுப்பு எடுத்த நாட்களில் மட்டுமே அதில் ஆடியிருக்கிறேன். வேற்று கிரீன் என்ற பலன் அதிலும் அப்படியே உண்டு; பணி ஓய்வு பெற்ற மூத்த ஆட்டக்காரர்கள் அதிகம் என்பதால், சொல்லிக்கொடுக்க நேரமும் மனமும் உள்ளவர்கள் சனிக்கிழமையைவிட அங்கே கூடுதல் என்றே தோன்றியது. வாரநாள் பகலில் நேரம் உள்ளவருக்கு அதுவே சிறந்த தொடக்கமாக இருக்கலாம். சில பகுதிகளில் புதியவர்களுக்கென்றே நடத்தும் நோவிஸ் சிங்கிள்ஸ் இன்னொரு வழி. அதில் ஆளுக்கு நான்கு பவுல்; ஸ்கிப் கிடையாது, மார்க்கர் மட்டும் நிற்பார்; கேட்டால் தூரம் சொல்வார், யோசனை சொல்ல மாட்டார். முதல் பருவத்தின் இறுதியில் ஒருவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை இல்லை. தொடக்கமாக வைத்தால் சிலர் பயந்துவிடுவார்கள்.

தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. புதியவரைச் சனிக்கிழமை அணியில் சேர்த்தபின் மாலைப் போட்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் வெளிமைதானத்தில் ஆட்டம் இருக்கும் வாரத்தில், முடிந்தால் வெள்ளிக்கிழமையே அந்தக் கிளப்பைத் தொலைபேசியில் அழைத்து, கிரீன் புல்லா விரிப்பா, எத்தனை நொடி ஓடுகிறது என்று கேட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள். ட்ரையல் எண்டில் எந்தப் பக்கம் எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை யோசித்துக்கொண்டு வந்து நிற்பவருக்கும், வெறுங்கையோடு வந்து நிற்பவருக்கும் முதல் ஐந்து எண்டுகளின் ஸ்கோர் கார்டிலேயே வித்தியாசம் தெரியும்.