உள்ளே உட்காருவதா, வெளியே போவதா?

1930களில் அமெரிக்கத் தொழிலாளிக்கு வேலைநிறுத்தம் என்றால் இரண்டு வழி: வாசலுக்கு வெளியே போய் நிற்பது, இல்லையென்றால் மெஷினை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வது.

பலம் என்று பார்த்தால் உட்காருவதுதான். ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள் 44 நாள் இருந்தார்கள், கார் சீட்டிலேயே படுத்துத் தூங்கினார்கள்; ஆலையே அவர்கள் கையில் இருக்கும்போது மாற்று ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? வெளியேறச் சொன்ன நீதிபதியிடமே அந்தக் கம்பெனியின் பங்குகள் இருந்தது தெரியவந்ததும் அவர் உத்தரவு செல்லாக்காசாகிவிட்டது. 1937 பிப்ரவரியில் கம்பெனி இறங்கிவந்தது. ஆனால் 1939இல் ஃபான்ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது: முதலாளி சட்டத்தை மீறியிருந்தாலும் சரி, ஆலையைப் பிடித்துவைத்தவர்களை வேலையைவிட்டு நீக்கலாம்.

சரி, வெளியே போனால் பாதுகாப்பா? அது சட்டம் தந்த உரிமை, அதற்காக நீக்க முடியாது. ஆனால் 1938இல் மெக்கே ரேடியோ வழக்கில், சான் ஃபிரான்சிஸ்கோ தந்தி ஊழியர்கள் ஜெயித்த அதே தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லிவைத்தது: வேலைநிறுத்தத்தின்போது எடுத்த மாற்று ஆட்களை, அது முடிந்த பிறகும் முதலாளி வைத்துக்கொள்ளலாம். உன்னை நீக்கவில்லையப்பா, உன் இடத்தில் வேறு ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். கூலிக்காக நடக்கும் வேலைநிறுத்தங்களில் இன்றைக்கும் இதுதான் நிலைமை.