ஓர்வியேத்தோவில் 684 யூரோ பறிபோனது: முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியை நம்பாதீர்கள்

இத்தாலியில் விடுமுறைக்கு இணையத்தில் அறை முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை இன்றே படித்துவிடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு படித்துப் பயனில்லை. எங்களிடமிருந்து 684 யூரோவைப் பறித்துவிட்டார்கள். பறித்தவன் யாரென்று தெரியாது. அவன் எந்த வாசல் வழியாக எங்களிடம் வந்தான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்: உலகம் முழுக்க மக்கள் பயன்படுத்தும் ஒரு பெரிய விடுதி முன்பதிவுத் தளம். புகார் நடந்துகொண்டிருப்பதால் தளத்தின் பெயரையும் விடுதியின் பெயரையும் எழுதவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். சொல்வது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் கணவரும் ஜெர்மனியில் வேலை செய்கிறோம். இருவருக்கும் ஒரே நேரத்தில் விடுப்புக் கிடைப்பது அரிது. கிடைத்ததும் ஓர்வியேத்தோ என்று முடிவு செய்தோம். ரோமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையான செங்குத்து மலையின் உச்சியில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ரயில் நிலையம் அடிவாரத்தில். அங்கிருந்து பழனி விஞ்ச் போன்ற இழுவை ரயில் ஒன்று மேலே ஏற்றிவிடும். 1290இல் அடிக்கல் நாட்டிய பேராலயம் அங்கே இருக்கிறது. அதற்குள் லூக்கா சிஞ்ஞொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய சுவரோவியங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் ஓவியம் படித்தவள். அதனால் இந்தப் பயணம் எனக்கு எத்தனை முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

பேராலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய விடுதியில் நான்கு இரவுகளுக்கு அறை எடுத்தோம். 684 யூரோ. விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பணம் கட்டினால் போதும் என்ற ஏற்பாடு. 2025 முதல் இத்தாலியில் சுற்றுலாத் தங்குமிடங்களுக்குத் தேசிய அடையாள எண் கட்டாயம், விளம்பரத்திலும் வாசலிலும் அதைக் காட்ட வேண்டும். இந்த விடுதி அந்த எண்ணையும் காட்டியிருந்தது. போலி விடுதியாக இருக்குமோ என்று நாங்கள் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படவும் இடமில்லை, அது உண்மையான விடுதிதான். இந்த மோசடியின் கொடுமையே அதுதான்.

எங்கள் நம்பிக்கை எப்படி உருவானது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அப்படித்தான் உருவாகும். முன்பதிவு செய்ததும் தளத்தின் செய்திப் பெட்டி வழியாக விடுதிக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். எங்கள் ரயில் இரவு தாமதமாக வருகிறது, இழுவை ரயில் நின்றுபோயிருந்தால் பெட்டிகளோடு எப்படி மேலே வருவது என்று கேட்டிருந்தேன். அன்றே பதில் வந்தது. மேலே வர பஸ் உண்டு, எந்தச் சதுக்கத்தில் இறங்க வேண்டும், வாசலில் எந்த மணியை அழுத்த வேண்டும் என்றெல்லாம் பொறுமையாக எழுதியிருந்தார்கள். கணவரிடம் வாசித்துக் காட்டி, "நல்ல மனிதர்கள்" என்று சொன்னேன்.

பயணத்துக்குச் சில நாட்கள் முன்னால், அதே பெட்டியில், அதே உரையாடலில், அந்த அன்பான பதிலுக்கு நேர் கீழே, அதே விடுதியின் பெயரோடும் படத்தோடும் இன்னொரு செய்தி வந்தது. என் முழுப்பெயர், முன்பதிவு எண், வரும் நாள், போகும் நாள், அறையின் வகை, 684 யூரோ என்ற தொகை, எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தன. உங்கள் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை, 12 மணி நேரத்துக்குள் சரிபார்க்காவிட்டால் முன்பதிவு தானாக ரத்தாகிவிடும், அறைத் தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து உடனே விடுவிப்போம் என்று எழுதி ஓர் இணைப்பைக் கொடுத்திருந்தார்கள். இணைப்பைத் திறந்தால் தளத்தின் அதே நிறம், அதே சின்னம், எங்கள் அறையின் படம். கார்டு எண்ணைக் கொடுத்ததும் வங்கிச் செயலியில் ஒப்புதல் கேட்டது. பணம் பெறுபவரின் பெயராக விடுதியின் பெயரே இருந்தது. ஒப்புதல் தந்தேன். 684 யூரோ போனது. "நன்றி, உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்" என்று அதே பெட்டியில் பதிலும் வந்தது! அந்த வரியை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஓர்வியேத்தோவில் இறங்கிய இரவே உண்மை தெரிந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "பணம் இன்னும் வரவில்லை, இங்கேதான் கட்ட வேண்டும்" என்றார். கைப்பேசியில் அந்தச் செய்தியைக் காட்டினேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. "ஓ, இதுவா? போன வாரம் வந்த தம்பதியும் இதைத்தான் காட்டினார்கள்" என்றார்.

போன வாரம்! அப்படியானால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கள் கணக்குக்குள் எவனோ புகுந்து விருந்தினர்களுக்குச் செய்தி அனுப்புகிறான் என்று தெரிந்த பிறகும், வரப்போகிறவர்களை ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் எச்சரிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் எண் அவர்களிடம் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது தளத்தின் பிரச்சினை, நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான்" என்று சொல்லிக்கொண்டே கார்டு கருவியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பத்து மணிக்கு மேல் பெட்டிகளோடு வேறெங்கே போவது? இரண்டாவது முறையாக 684 யூரோ கட்டினோம்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு அலைக்கழிப்பு. தளத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசுவார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முடிவில், "பணம் எங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டிருக்கிறது, எனவே எங்களுக்குப் பொறுப்பில்லை" என்பார். செய்தி வந்தது உங்கள் தளத்துக்குள்தானே, என் பெயரும் முன்பதிவு எண்ணும் உங்கள் கணினியிலிருந்துதானே போயின என்று கேட்டால், விடுதியின் கணக்கைப் பாதுகாப்பது விடுதியின் கடமை என்பார். விடுதியோ தளத்தைக் கைகாட்டியது. வங்கியை அழைத்தால், "ஒப்புதல் கொடுத்தது நீங்கள்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். விடுதிப் பெயரில் வேறொருவன் பணம் பெற எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

இந்த அழைப்புகளுக்கு இடையில்தான் நாங்கள் ஊர் சுற்றினோம். மறுநாள் புனித பத்ரீசியோ கிணற்றுக்குப் போனோம். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி ஓர்வியேத்தோவுக்கு வந்த ஏழாம் கிளமெண்ட் போப், முற்றுகை வந்தாலும் ஊருக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று வெட்டச் சொன்ன கிணறு அது. ஆழம் 53 மீட்டருக்கும் மேல். இறங்க ஒரு சுருள் பாதை, ஏற இன்னொரு சுருள் பாதை. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றையொன்று மறிக்காமல் போய்வருவதற்காக அந்தோனியோ தா சங்கால்லோ அப்படி வடிவமைத்தார். 248 படிகள். எத்தனை அருமையான வேலைப்பாடு! நான் அதை ரசிக்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன், அன்று தளத்திலிருந்து மேலதிகாரி அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கீழே சிக்னல் இல்லை. மேலே ஏறி வந்தபோது தவறிய அழைப்பு ஒன்றும் ஒரு மின்னஞ்சலும் இருந்தன. "உங்களைத் தொடர்புகொள்ள முடியாததால் இந்தப் புகார் முடிக்கப்படுகிறது." ஒரே ஒரு முறை அழைத்துவிட்டு முடித்திருக்கிறார்கள். திரும்பத் திறக்கச் சொன்னால் புதிய புகார் எண், மறுபடியும் முதலிலிருந்து கதை.

அதற்கடுத்த நாள் பேராலயத்துக்குப் போனோம். வெயில் பட்டு முகப்பின் பொன்னிற மொசைக் தகதகத்தது. உள்ளே சான் பிரித்சியோ சிற்றாலயத்தில் சிஞ்ஞொரெல்லியின் போலிக் கிறிஸ்து நிற்கிறான். முகம் கிறிஸ்துவின் முகம், தாடியும் ஆடையும் அப்படியே. பின்னால் ஒட்டி நிற்கும் சாத்தான் காதில் ஓதுகிறான். சுற்றிலும் நம்பி வந்த கூட்டம், பீடத்தின் கீழே அவர்கள் கொண்டுவந்த பொன்னும் பொருளும். எத்தனையோ முறை புத்தகத்தில் பார்த்து ரசித்த ஓவியம். நேரில் நிற்கும்போது என் கண்ணில் பட்டது அந்தக் குவியல் மட்டும்தான். கணவர் தோளைத் தொட்டு, "வா, வெளியே போகலாம்" என்றார். அந்த ஓவியத்தை அமைதியாகப் பார்க்கும் வாய்ப்பையும் சேர்த்துத்தான் அவர்கள் திருடினார்கள். இதற்கு எந்தத் தளம் இழப்பீடு தரும்?

ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் காவல் நிலையத்தில் மட்டும்தான். அங்கே கராபினியெரி என்ற இத்தாலியக் காவல் படையின் அதிகாரி ஒருவர் உட்காரவைத்து முழுவதையும் கேட்டு எழுதி, முத்திரையிட்ட நகலைக் கொடுத்தார். இது எப்படி நடக்கிறது என்றும் அவர்தான் விளக்கினார். விருந்தினர் எழுதுவதுபோல் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்களாம். ஊழியர் இணைப்பைத் திறந்ததும் கணினியில் ஒரு திருட்டு நிரல் புகுந்து கடவுச்சொல்லை எடுத்துக்கொள்ளும். பிறகு விடுதியின் பெயரிலேயே தளத்துக்குள் நுழைந்து, வரவிருக்கும் விருந்தினர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்புவார்கள். இத்தனை தெளிவாக அவருக்குத் தெரிந்திருக்கும்போது, தளத்துக்குத் தெரியாதா? அந்தப் பெட்டியில் வெளி இணைப்பு வந்தால் தடுத்து நிறுத்த அவர்களால் முடியாதா?

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது நேரமும் இல்லை, மனமும் இல்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். செய்தி தளத்துக்குள்ளேயே வந்தாலும், கார்டு சரிபார்ப்பு என்ற பேச்சு வந்தால் எதையும் தொடாதீர்கள். விடுதியின் தொலைபேசி எண்ணை வேறிடத்தில் தேடி எடுத்து நேரடியாகப் பேசுங்கள், செய்தியில் தந்திருக்கும் எண்ணில் வேண்டாம். மணிக்கணக்கில் கெடு வைத்தால் திருட்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் பல ஊர்களில் தங்கும் வரி உண்டு, பெரும்பாலும் விடுதியில் நேரில்தான் கட்டுவது. அதைச் சாக்கிட்டு முன்கூட்டியே இணைப்பு அனுப்பினாலும் நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் முதல் வேலையாகக் கார்டை முடக்குங்கள், செய்தியைப் படமெடுத்து வையுங்கள், ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு எல்லை தாண்டிய புகார்களில் ஐரோப்பிய நுகர்வோர் மையம் கட்டணமின்றி உதவுகிறது. எங்கள் காகிதங்களை நேற்று அங்கே அனுப்பியிருக்கிறோம். வங்கிக்கும் மறுபடி எழுத்து மூலமாக ஆட்சேபம் தெரிவித்திருக்கிறோம். 684 யூரோவை விடப்போவதில்லை.

இதை எழுதும் முன் அந்த விடுதியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எச்சரிக்கை என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த மாதத்துக்கு அறைகள் விற்றுக்கொண்டிருக்கின்றன, நான் எழுதிய மதிப்புரை இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறது. ஓர்வியேத்தோவில் அறை எடுத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தப் பதிவை இன்றே அனுப்பிவிடுங்கள்.