கணக்கு வீட்டுப்பாடம் பாதியிலேயே நிற்கிறதா? நோட்டு, டைரி, நேரம்: எதை மாற்றினால் பலன்?

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை கணக்கு வீட்டுப்பாடத்தை முடிக்காமல் வந்து நின்றால் "இதுக்குக் கணக்கே வராது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பல நேரம் கதையே வேறு. எந்தப் பயிற்சி, எத்தனை கணக்கு என்று குறித்துக்கொண்டிருக்காது. சூத்திரம் எழுதிய பக்கம் அகப்படாது. மூன்றாவது கணக்கில் மாட்டிக்கொண்டதும் நோட்டை மூடி வைத்திருக்கும். இன்னும் கொடுமை, ஒழுங்காகப் போட்டு முடித்த பேப்பர் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும், ஆசிரியர் கைக்குப் போயே இருக்காது. இதற்கெல்லாம் டியூஷன் வைத்து என்ன பிரயோஜனம்?

ஏற்பாடு என்று வந்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஃபைல் வாங்கு, ஆப் போடு, டைமர் வை. நான் எல்லாவற்றையும் இரண்டே கேள்விகளால்தான் எடைபோடுகிறேன். உட்கார்ந்த பிறகு முதல் கணக்கின் முதல் வரியை எழுத எவ்வளவு நேரம் ஆகிறது? போட முடியாமல் நின்ற கணக்கு எங்கே போய்ச் சேர்கிறது? கலர் பேனா, ஒட்டும் சீட்டு, அழகான தலைப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

தைத்த நோட்டா, ரிங் ஃபைலா

ரிங் ஃபைலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லீவு போட்ட நாளின் பாடத்தைப் பிறகு எழுதி உரிய இடத்திலேயே செருகலாம், இயற்கணிதம் ஒரு பிரிவு, வடிவியல் ஒரு பிரிவு என்று பிரிக்கலாம், திருத்தக் கொடுக்க வேண்டிய தாளை மட்டும் உருவிக் கொடுக்கலாம். தைத்த நோட்டில் இது எதுவும் முடியாது. ஆசிரியர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டால் அன்றைக்கு மாலை சூத்திரமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

ஆனால் ஃபைல் தானாக ஒழுங்காக இருக்காது. வாரம் ஒரு முறையாவது யாராவது உட்கார்ந்து தாள்களை அடுக்கவேண்டும், ஒவ்வொரு தாளின் தலையிலும் தேதியும் பயிற்சி எண்ணும் இருக்கவேண்டும், துளை கிழிந்தால் உடனே ஒட்டவேண்டும். இதையெல்லாம் செய்கிற பிள்ளைக்கு ஏற்கெனவே ஒழுங்கு இருக்கிறது, அதற்கு எதைக் கொடுத்தாலும் ஓடும். செய்யாத பிள்ளையின் கையில் ஒரு மாதத்தில் அது தலைப்பில்லாத தாள்களின் குவியலாகிவிடும்.

அதனால் வீட்டுப்பாடம் விட்டுப்போகிற பிள்ளைக்கு என் ஓட்டு தைத்த நோட்டுக்கே. ஆனால் இரண்டாக வாங்குங்கள்: வகுப்பில் எழுத ஒன்று, வீட்டுப்பாடத்துக்கு ஒன்று. இரண்டிலும் முதல் இரண்டு பக்கங்களைக் காலியாக விட்டு, மற்ற பக்கங்களுக்குக் கையாலேயே எண் போட்டு, புதுப் பாடம் தொடங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் ஒரு வரி: "காரணிப்படுத்துதல், பக்கம் 34". வகுப்பு நோட்டின் கடைசி நான்கு பக்கங்கள் சூத்திரத்துக்கு மட்டும். புத்தகத்தைப் புரட்டும் நேரம் இதிலேயே பெரிதும் குறைந்துவிடும்.

பக்கத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் கார்னெல் முறை என்று ஒன்று உண்டு, கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950களில் வகுத்தது. இடது பக்கம் ஒடுக்கமான பத்தி, வலது பக்கம் அகலமான பத்தி, அடியில் சுருக்கம். வரலாறு, அறிவியலுக்கு அது அப்படியே பொருந்தும். கணக்குக்குக் கொஞ்சம் மாற்றவேண்டும்: வலப்பக்கம் ஸ்டெப், இடப்பக்கம் அந்த ஸ்டெப்புக்குக் காரணம், அடிச் சுருக்கத்தை விட்டுவிடலாம். எல்லாக் கணக்குக்கும் காரணம் எழுதச் சொன்னால் பிள்ளை நோட்டையே தூக்கிப் போட்டுவிடும். ஆசிரியர் போட்டுக் காட்டிய மாதிரிக் கணக்குக்கு மட்டும் எழுதினால் போதும்.

ரஃப் வேலை எங்கே என்பதும் இங்கேதான் வருகிறது. தனி ரஃப் நோட்டு இருந்தால் வீட்டுப்பாட நோட்டு பளிச்சென்று இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் 7 − 2(3 − 5) என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விடை 11. பிள்ளை −9 என்று எழுதியிருக்கிறது. அதே பக்கத்தின் ஓரத்தில் ரஃப் வேலை இருந்தால் 7 − 6 − 10 என்ற வரி கண்ணில் படும், அடைப்புக்குள் இருந்த கழித்தல் குறி வெளியே வரும்போது கூட்டலாக மாறவில்லை என்பது உடனே பிடிபடும். ரஃப் நோட்டில் இருந்தால்? அந்த வரி நாலு கணக்குகளின் கிறுக்கலுக்கு நடுவில் எங்கோ கிடக்கும். பிள்ளை அழித்துவிட்டு முதலிலிருந்து போடும், அதே தப்பை இன்னொரு முறை செய்யும். பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து ரஃப் வேலையை அங்கேயே போடச் சொல்லுங்கள், கொஞ்சம் அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டைரியா, ஃபோனா

இதில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. ஃபோன் ஆப் நேரத்துக்கு மணி அடிக்கும், கூகுள் கிளாஸ்ரூம் போன்றவற்றில் ஆசிரியர் போட்டுவைத்த வேலையும் கடைசித் தேதியும் தெரியும். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் என்ன வீட்டுப்பாடம் என்று பார்க்க ஃபோனைத் திறந்த பிள்ளை வேறு எதையும் பார்க்காமல் மூடி வைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. கரும்பலகையைப் படம் பிடிப்பது இன்னொரு வழி. எடுக்க ஒரு நொடி, மாலையில் மற்ற நூறு படங்களுக்கு நடுவில் தேட எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

டைரி போதும், மணி அடிக்க மட்டும் ஃபோன். டைரியிலும் "கணக்கு ஹோம் ஒர்க்" என்று மொட்டையாக எழுதினால் எழுதாததற்குச் சமம். "பயிற்சி 4.2, 1 முதல் 15 வரை ஒற்றைப்படை எண்கள், வியாழன் காலை" என்று இருக்கவேண்டும். அப்புறம், வீட்டுப்பாடம் தராத நாளிலும் "இல்லை" என்று எழுதும் வழக்கம் வேண்டும். அப்போதுதான் காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்ததும், அன்று வேலை தரவில்லையா, குறிக்க மறந்ததா என்ற சந்தேகம் வராது.

அன்றைக்கேவா, முதல்நாள் இரவா

திங்கட்கிழமை கொடுத்த வேலையை வியாழன் காலை ஒப்படைக்கவேண்டும் என்றால், புதன் இரவு போடுகிறவர்கள்தான் அதிகம். அதிலும் ஒரு சௌகரியம் இருப்பதை ஒத்துக்கொள்ளவேண்டும்: நெருக்கடி இருப்பதால் கை தானாக ஓடும். ஆனால் திங்கள் பாடம் புதனுக்குள் பாதி கரைந்திருக்கும். எர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்தவர் அவர், மறதி முதல் சில மணி நேரங்களில்தான் வேகமாக நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது என்று கண்டார். வகுப்புக் கணக்கு அர்த்தமில்லாத அசை இல்லைதான், அந்த அளவுக்கு மறக்காது. என்றாலும் புதன் இரவு உட்காரும் பிள்ளை முதல் அரை மணி நேரத்தைப் பாடத்தை மறுபடி புரிந்துகொள்ளவே செலவழிக்கும். அதைவிட முக்கியம், புதன் இரவு பத்து மணிக்கு மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இல்லை. திங்களன்று மாட்டிக்கொண்டிருந்தால் செவ்வாயும் புதனும் இருந்திருக்கும்.

"ஒரு மணி நேரத்தில் முடிச்சிடுவேன்" என்று பிள்ளை சொல்வதை நம்பவும் முடியாது, அது பொய் சொல்கிறது என்று அர்த்தமும் இல்லை. 1994இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் சுமார் 34 நாள், முடித்தபோது ஆகியிருந்தது சுமார் 55 நாள். பெரிய பிள்ளைகளே அப்படி.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் அன்றைக்கே முடித்துவிடுவதுதான் உத்தமமா? இங்கேதான் ஒரு சிக்கல். ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவு காணும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒரே வகையை வரிசையாகப் போட்டது, இன்னொரு குழு வகைகளைக் கலந்து போட்டது. பயிற்சியின்போது வரிசைக்காரர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வரிசைக்காரர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. பாடம் நடந்த மாலையே அதே மாதிரிக் கணக்கு பதினைந்தையும் தடதடவென்று போட்டுத் தள்ளும்போது எல்லாம் வருகிற மாதிரிதான் தோன்றும். எந்த முறை என்று தேர்ந்தெடுக்கிற வேலையே அங்கு இல்லை, மேலே இருக்கும் கணக்கைப் பார்த்தே கீழே உள்ளதைப் போட்டுவிடலாம்.

என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவில், ஆனால் சரிபாதியாக இல்லை. திங்கள் மாலையே எல்லாக் கணக்கையும் ஒரு முறை படித்து, மூன்றில் இரண்டு பங்கைப் போட்டுவிடவேண்டும், கடினமாகத் தெரிவதில் ஒன்றாவது அதில் இருக்கவேண்டும். மிச்சம் புதனுக்கு, கூடவே போன பாடத்திலிருந்து இரண்டு கணக்கு. ஆனால் வீட்டுப்பாடமே முடியாமல் தவிக்கிற பிள்ளையிடம் இந்தப் பழைய கணக்கு விவகாரத்தை இப்போது எடுக்காதீர்கள். முதலில் முடிக்கட்டும்.

எப்போது உட்கார்வது என்பதையும் "சாயங்காலம் போடுறேன்" என்று விடக்கூடாது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து சொல்லிவருவது, இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது. "குளித்து வந்ததும் மேசையில் உட்கார்ந்து 4.2இல் முதல் கணக்கு" என்பது அந்த மாதிரித் திட்டம்.

நேரம் வைப்பதா, எண்ணிக்கை வைப்பதா

பொமொடோரோ முறையை ஃபிரான்செஸ்கோ சிரிலோ 1980களின் பிற்பகுதியில் தான் மாணவராக இருந்தபோது உருவாக்கினார்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. தக்காளி வடிவ டைமரை வைத்து ஆரம்பித்ததால் அந்தப் பெயர். வாசிக்கவும் மனப்பாடத்துக்கும் அருமையான முறை. கணக்கில், நிரூபணத்தின் நான்காவது வரியில் மணி அடித்தால் எழுந்து போகிற பிள்ளை திரும்பி வந்து முதல் வரியிலிருந்து படிக்கவேண்டியிருக்கும். எண்ணிக்கை வைத்தால், அதாவது "இன்றைக்கு ஐந்து கணக்கு" என்றால், இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஐந்தில் ஒன்று பொல்லாததாக இருந்தால் மொத்த மாலையையும் அதுவே விழுங்கிவிடும்.

எண்ணிக்கை வைத்து, ஒவ்வொரு கணக்குக்கும் உச்சவரம்பு வைப்பதே எனக்குப் பிடித்தது. பத்து நிமிடம் முட்டிப் பார்த்தும் நகரவில்லையா, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. போவதற்கு முன் ஒரு வேலை: நோட்டின் பின்பக்கத்தில் "நின்ற கணக்குகள்" என்று ஒரு பட்டியல், அதில் ஒரு வரி. "7 புரியல" என்று எழுதினால் ஆசிரியருக்கே என்ன சொல்வதென்று தெரியாது. "4.2இல் 7: இரண்டு பக்கமும் வகுத்ததும் பின்னம் வருகிறது, அதற்கு மேல் தெரியவில்லை" என்று எழுதினால் பதில் அரை நிமிடத்தில் கிடைக்கும். இப்படி எழுதும்போதே வழி தெரிந்து அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிற பிள்ளைகளும் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இந்தப் பட்டியலைத் தொடங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பெற்றோர் பார்ப்பதா, நண்பர்கள் சேர்ந்து போடுவதா

பெற்றோர் விடையைச் சரிபார்க்க உட்கார்ந்தால் பெரும்பாலும் சண்டையில் முடியும், அதுவும் அவர்கள் படித்த முறை வேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். "முடிச்சாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் டைரியின் வரியையும் நோட்டின் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கணக்குத் தெரியாத பெற்றோரும் செய்யலாம். பட்டியலில் எத்தனை நிற்கிறது என்று கேளுங்கள், ஏன் நிற்கிறது என்று கேட்காதீர்கள்.

நண்பர்களோடு சேர்ந்து போடுவது சீக்கிரம் முடியும், ஒருவர் போட்டதை மூவர் காப்பியடித்தாலும் சீக்கிரம்தான் முடியும். அதனால் முதலில் அவரவர் தனியாகப் போட்டுவிட்டு, நின்ற கணக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு கூடுவது நல்லது. நேரில் கூட முடியாவிட்டால் அந்த ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பலாம், ஃபோனுக்கு உருப்படியான வேலை அதுதான். விடை வந்ததும் அதைப் பார்த்துவிட்டு மூடி வைத்து, கணக்கை முதலிலிருந்து தானே ஒரு முறை போட்ட பிறகே பட்டியலில் அடிக்கவேண்டும். அடித்த கையோடு நோட்டு பைக்குள் போகட்டும், காலையில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மேசையில் விடவேண்டாம்.