முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்: 1 லட்சம் கி.மீ. ஓடிய பிறகு

ஸ்விஃப்ட், வேகன் ஆர், கிராண்ட் ஐ10, டியாகோ என்று நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக்தான். 1 லட்சம் கி.மீ. வரை இந்த ஜோடியைக் கழற்றிப் பூட்டினால் ஒன்று புரியும். டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் முன் பேட் அடிக்கடி தீர்ந்தால் முதலில் திறக்க வேண்டியது பின் டிரம்மை.

பிரேக் மிதித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முன் சக்கரங்களின் தலையில்தான் விழும். அதனால் நெரிசலில் ஓடும் வண்டிக்கு முன் பேட் 25,000 முதல் 40,000 கி.மீ. வரை வரும். நெடுஞ்சாலை வண்டி 50,000-ஐயும் தாண்டும். டிரம்மின் உள்சுவரை அழுத்தும் பின் ஷூ அதைப் போல இரண்டு மடங்கு உழைக்கும். அந்த நீண்ட ஆயுள்தான் வினை: யாரும் டிரம்மைத் திறப்பதே இல்லை.

டிரம்முக்குள் இரண்டு ஷூக்களுக்கு நடுவே பல்சக்கரம் வைத்த அட்ஜஸ்டர் இருக்கிறது. ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய அது ஒவ்வொரு பல்லாக நகர்ந்து இடைவெளியைக் குறைக்க வேண்டும். லைனிங் தூசியும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அந்த மரையைத் துருவால் கட்டிப்போடும். பிறகு ஷூ டிரம்மைத் தொடவே நிறைய நகர வேண்டியிருக்கும். பெடல் கீழே போகும், ஹேண்ட் பிரேக் 9, 10 கிளிக் ஏறும், பின்பக்கம் செய்ய வேண்டிய வேலையையும் முன் பேட் செய்யும். இந்த நிலையில் ஹேண்ட் பிரேக் கேபிளை மட்டும் இழுத்து இறுக்கிக் கொடுப்பதுதான் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. கேபிள் இறுகினால் ஷூவில் உள்ள லீவர் தன் இடத்தில் வந்து உட்காராது. அட்ஜஸ்டர் அதற்கப்புறம் நகரவே நகராது. முதலில் ஷூவைச் சரிசெய்ய வேண்டும், கேபிள் கடைசியில்.

முன் பேட் மாற்றுவது கடினமில்லை. வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, ஜாக் போட்டு, ஸ்டாண்டில் வண்டியை இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கை விடக் கூடாது. பேட்களைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் கைக்கு வரும். கேலிப்பரை ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாய்) தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். புது பேட்டில் உராய்வுப் பொருள் சுமார் 10 மி.மீ. கனம் இருக்கும், 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றிவிடலாம். உள் பேட், வெளி பேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள் பேட் மட்டும் மெலிந்திருந்தால், கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின் இறுகியிருக்கும், அல்லது பேட்டைத் தள்ளும் பிஸ்டன் திரும்பாமல் நிற்கும். புது பேட் போட்டாலும் அதே கதிதான்.

ஸ்லைட் பின் இரண்டு விரலால் இழுத்தாலே வழுக்கி வர வேண்டும். இறுகிய பின்னை வெளியே எடுத்தால் கிரீஸ் காய்ந்து காபித் தூள் மாதிரி உதிரும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போய், ஸ்லைட் பின் மறுபடி மாட்டிக்கொள்ளும். பல கேலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும், மற்றதில் இருக்காது. இடம் மாற்றிப் போடாதீர்கள். பேட் உட்காரும் தகட்டுக் கிளிப்பைக் கழற்றி அடியில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காவிட்டால் புது பேட் நெருக்கி உட்கார்ந்து டிஸ்க்கை விடாமல் உரசும்.

பிஸ்டனை உள்ளே தள்ள, பழைய பேட்டை அதன் மேல் வைத்து சி கிளாம்ப்பை மெதுவாக இறுக்குங்கள். பேட் தேயும்போது பிரேக் ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. இடையில் யாராவது நிரப்பியிருந்தால் இப்போது டப்பா வழியும். பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பூட்டி முடித்ததும், வண்டியை எடுப்பதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் வண்டி நிற்காது.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் உள்ள துரு, அல்லது ஏர் கன்னால் வீல் நட்டைக் கண்டபடி இறுக்கியதுதான் காரணம். டிஸ்க் ஒரு மயிரிழை கோணலாக உட்கார்ந்தாலும், சில ஆயிரம் கி.மீ. ஓட்டத்தில் கனம் ஓர் இடத்தில் குறைந்து ஓர் இடத்தில் கூடிவிடும். லேத்தில் கடைவதற்கு முன் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்தைப் பாருங்கள். கடைந்த பிறகும் அதற்கு மேல் இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் காலை டிஸ்க்கில் தெரியும் செம்மண் நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், நாலு மிதியில் போய்விடும்.

பின் டிரம்மில்தான் பொறுமை வேண்டும். முன் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். டிரம் வரவில்லை என்றால் விளிம்பில் சுத்தியலால் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு உடையும். பல டிரம்களில் மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள் உண்டு, 8 மி.மீ. போல்ட்டு இரண்டை மாற்றி மாற்றி இறுக்கினால் தானே கழன்று வரும். சில மாடல்களில் டிரம்மும் பேரிங்கும் ஒன்றாக இருக்கும். அதில் நடு நட்டைக் கழற்றினால் புது நட்டு போட வேண்டும். தூசியை ஏர் பிடித்து ஊதுவது வேண்டாம், மூச்சில் போகும். ஈரத்துணியோ பிரேக் கிளீனரோ போதும்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கத்தைப் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்பதற்கு அந்தப் பிரிக்காத பக்கம்தான் சாட்சி. இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும். கலந்துவிட்டால் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடும். ஷூக்களை விரித்துத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரூ டிரைவர் நுனியால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் வழிந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். ஆயில் குடித்த லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்துக் காப்பாற்ற முடியாது. ஷூ உரசும் பின்தகட்டின் மேடுகளில் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு வைத்தால் போதும். ஷூவையும் பேட்டையும் எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவு, பம்பர் வாங்கலாம். பழைய டிரம், டிஸ்க் வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஊருக்குள் இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலோ, இறங்கும்போது தெரியும்: ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு போல அமுங்கும். 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், மலை இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே விடுங்கள். திறந்த டப்பாவில் மிச்சமானதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

புது பேட் போட்டதும் காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு, முழுதாக நிறுத்தாமல், பத்து முறை மிதமாகக் குறைத்து, நடுநடுவே ஆற விடுங்கள். இருபது கி.மீ. ஓட்டி நிறுத்தி, நான்கு ரிம்மின் பக்கத்திலும் தொடாமல் புறங்கையைக் காட்டுங்கள். முன்னால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும், பின்னால் இரண்டும் ஒரே இளஞ்சூட்டில் இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் இரண்டும் குளிர்ந்தே கிடந்தால் அட்ஜஸ்டரை மறுபடி பாருங்கள்.