ஒயரை எரிப்பதா, உரிப்பதா?
தாராவியில் நம் ஆட்கள் பலர் பழைய ஒயரை இன்னும் எரித்துத்தான் உள்ளே இருக்கும் செம்பை எடுத்துக் காயலான் கடைக்குக் கொண்டு போகிறார்கள், வேலை சீக்கிரம் முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் எரிந்த செம்பு கறுத்து, சாம்பலும் ஒட்டிக்கொள்வதால் கடைக்காரர் விலையைக் குறைத்துவிடுவார். அதைவிட, ஒயரின் பிவிசி பிளாஸ்டிக் உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டயாக்ஸின் என்ற நச்சுகள் வரும். பிள்ளைகள் விளையாடுகிற சந்தில் அதைச் செய்யவே கூடாது.

கத்தியால் கீறி உரித்தால் நேரம் பிடிக்கும், விரலும் வலிக்கும், ஆனால் பளபளவென்று வரும் செம்புக்கு நல்ல விலை கிடைக்கும். தடித்த கேபிள் என்றால் யோசிக்காமல் உரியுங்கள். மெல்லிய ஒயருக்குக் கூலி கட்டாது, சரி, உறையோடே விற்றுவிடுங்கள்.

அப்புறம், உரிக்கும்போதே போலியும் பிடிபடும். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதனால் அதை நம்ப வேண்டாம். எடையை நம்பலாம், செம்பு அலுமினியத்தைவிட 3 மடங்குக்கு மேல் கனம்.