மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் காலண்டரில் விடுமுறையும் கூடுதல் வேலை நாளும்: என் அனுபவம்

கட்டுமான வேலைகளுக்குத் திட்டம் போடப் பல வருடமாக மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் பலரும் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பெட்டி 'சேஞ்ச் வொர்க்கிங் டைம்'. என் கணக்கில் வேலை முடியும் தேதி சரியாக வருவதும் தப்புவதும் அங்கேதான். வழக்கமான வார நேரத்தை 'வொர்க் வீக்ஸ்' பக்கத்தில் வைக்க வேண்டும். அதிலிருந்து மாறும் நாளெல்லாம் 'எக்ஸெப்ஷன்ஸ்' பக்கத்துக்குப் போகும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கையும் வருடாவருடம் திரும்பும்படி ஒரே தடவை போட்டுவிடலாம். தீபாவளிக்கு அது ஆகாது. 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. ஒவ்வொரு வருடமும் கையால்தான் போட வேண்டும்.

எக்ஸெப்ஷன் என்றாலே லீவு என்று நினைத்துவிடுகிறார்கள். 2024 தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 1 வெள்ளிக்கிழமையைத் தமிழக அரசு விடுமுறையாக்கி, ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமையை வேலை நாளாக்கியது. அரசு அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கும் வேலைகளின் காலண்டரில் இரண்டுமே எக்ஸெப்ஷன்தான். வெள்ளிக்குப் பெயரும் தேதியும் போதும். புதிதாகச் சேர்க்கும் நாளை மென்பொருள் விடுமுறையாகவே எடுத்துக்கொள்ளும். சனிக்கு 'டீடெய்ல்ஸ்' திறந்து, 'வொர்க்கிங் டைம்ஸ்' தேர்ந்தெடுத்து, வேலை நேரத்தையும் கொடுக்க வேண்டும்.

கிரேன் சர்வீஸுக்குப் போகும் நாளைப் பொதுக் காலண்டரில் போடாதீர்கள், மொத்த சைட்டும் நின்றுபோகும். கிரேனுடைய ரிசோர்ஸ் காலண்டரில், அதாவது அதற்கென்றே உள்ள தனிக் காலண்டரில், போட்டால் அதை நம்பிய வேலை மட்டும் தள்ளும்.

அப்புறம் கான்கிரீட் க்யூரிங், அதாவது போட்ட கான்கிரீட் இறுகி வலுப்பெற அதை ஈரமாகவே வைத்திருப்பது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்வது குறைந்தது 7 நாள் ஈரம். ஞாயிறோ பொங்கலோ, அது காத்திருக்காது. இதற்கு, இரவு பகலாக ஓடும் '24 ஹவர்ஸ்' காலண்டர் கொடுத்து 7 நாள் என்று போட்டால், ஒரு நாளுக்கு 8 மணி என்ற அமைப்பின்படி 56 மணியாக எண்ணி மூன்றாம் நாளே முடித்துவிடும். 7-க்குப் பின்னால் 'இ', 'டி' என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள். விடுமுறையைப் பாராமல் முழு 7 நாள் ஓடும்.

அடுத்த வேலைக்கு அதே காலண்டரை 'ஆர்கனைசர்' வழியாக நகலெடுக்கலாம். ஆனால் நகல் நகல்தான். தேர்தல் நாள் மாதிரி நடுவில் அறிவிக்கும் விடுமுறையை ஒவ்வொரு கோப்பிலும் தனியாகச் சேர்க்க வேண்டும்.